விலைபேசப்பட்ட விருந்தோம்பல்

'விருந்தோம்பல் தொழில்' என்றொரு சொல்வழக்கு இன்று நம்மிடையே வேரூன்றிவிட்டது. கல்லூரிகளில் அதற்குப் பட்டம் வழங்குகின்றனர். நாளேடுகளில் அதற்கென்றே செய்திகள் வருகின்றன. விடுமுறை கழித்துத் திரும்பும் நம் இறைமக்களும், "அந்த ரிசார்ட்டில் விருந்தோம்பல் பிரமாதம், சாமி" என்று வியந்து பேசுகின்றனர். இச்சொற்களைக் கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. 'தாய்மைத் தொழில்' என்றோ 'நட்புத் தொழில்' என்றோ எவரும் சொல்வதில்லை. சொன்னால் நா கூசும். விருந்தோம்பலைத் தொழில் என்றழைக்க மட்டும் நமக்குக் கூச்சம் வராதது ஏன்?

விடுதி நடத்துவது குற்றம் என்று வாதிட நாம் வரவில்லை. வழிப்போக்கருக்குப் படுக்கையும் உணவும் கொடுத்து, அதற்குரிய விலையைப் பெறுவது நேர்மையான பிழைப்பு. ஆனால் அந்தப் படுக்கைக்கும் உணவுக்கும் பணிவிடைக்கும் 'விருந்தோம்பல்' என்று பெயரிட நாம் இசைந்துவிட்டோம். இசைந்ததன் விளைவாக, நம் இல்லங்கள் ஆற்ற வேண்டிய கடமையிலிருந்து நமக்கு நாமே விடுதலை எழுதிக் கொடுத்துக்கொண்டோம். இதுவே நம் குற்றச்சாட்டு. இவ்வழக்கில் முதலில் கூண்டில் நிற்க வேண்டியவர் இதை எழுதும் நாமேதான். எவ்வாறு என்பதைச் சொல்கிறோம்.

அயர்லாந்தின் தென்மேற்கே, லிமெரிக் நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், மேக் ஆற்றங்கரையில் அடேர் என்றோர் அழகிய சிற்றூர் இருக்கிறது. நம் குருத்துவ வெள்ளிவிழாவை ஒட்டி, அந்நாட்டில் செவிலியராகப் பணியாற்றும் முன்னாள் பங்கு மக்கள் சிலரைக் காணச் சென்றிருந்தோம். லிமெரிக்கில் ஒரு குடும்பத்தாரோடு தங்குவதாகவே ஏற்பாடு. விமான நிலையத்தில் எதிர்கொண்ட அந்தக் குடும்பத் தலைவி, "ஃபாதர், இன்னிக்கு ராத்திரி உங்களுக்கு அடேர் மாளிகையில ரூம் போட்டிருக்கோம். எட்டுக் குடும்பம் சேர்ந்து கொடுக்கிற ஜூபிலி காணிக்கை. வேணாம்னு சொல்லிடாதீங்க" என்றார். ஓர் இரவுக்குப் பல நூறு யூரோ, கோடைகாலத்தில் ஆயிரத்தையும் தாண்டும் கட்டணம் என்பது நமக்குப் பின்னரே தெரிந்தது. வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், மகிழ்ந்தோம்.

அடேர் மாளிகை ஒரு காலத்தில் டன்ரேவன் பிரபுக்களின் உறைவிடம். 1832இல் இரண்டாம் பிரபு கட்டத் தொடங்கினார். கட்டி முடிய முப்பது ஆண்டுகள் ஆயின. ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 சன்னல்கள், வாரங்களுக்கு ஈடாக 52 புகைபோக்கிகள் என்று கணக்குச் சொல்கின்றனர். 1988 முதல் அது தங்கும் விடுதி. 2015இல் லிமெரிக்கைச் சேர்ந்த செல்வர் ஜே.பி. மெக்மானஸ் அதை வாங்கிப் பெரும் பொருட்செலவில் புதுப்பித்து, 2017இல் மீண்டும் திறந்தார். சுற்றிலும் ஏறத்தாழ 840 ஏக்கர் நிலம். டாம் ஃபாசியோ என்னும் அமெரிக்க வல்லுநர் திருத்தியமைத்த கோல்ஃப் மைதானம் அதனுள் இருக்கிறது. பந்தைக் குழியில் தள்ளும் பசுந்தரைகளுக்கு அடியே குழாய்கள் பதித்து, புல்லின் வேர்களுக்குக் காற்றோட்டம் தருகின்றனர். ஈரம் மிகுந்தால் உறிஞ்சி எடுக்கின்றனர். ஐரோப்பிய வீரர்களும் அமெரிக்க வீரர்களும் மோதும் ரைடர் கோப்பைப் போட்டிக்கு 2027ஆம் ஆண்டில் இம்மைதானமே களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது.

நம்மை வரவேற்ற பணியாளரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர் சொல்லி அழைத்தனர். பெட்டியை நாம் தொட விடவில்லை. அறையில் கணப்பு, மெத்தை, சன்னலுக்கு வெளியே ஆறு, ஆற்றுக்கு அப்பால் மாலை வெயிலில் மின்னும் புல்வெளி. குருமடத்துப் பாயில் தொடங்கிய நம் உறக்க வரலாற்றில் அத்தகைய படுக்கை வாய்த்ததில்லை. நன்றாக உறங்கினோம். இதையும் அறிக்கையிட்டுவிடுகிறோம், பின்னால் சொல்லப்போவதைப் பொறாமை என்று எவரும் எண்ணிவிடக் கூடாதல்லவா?

நம் உறக்கத்தைக் கலைத்தது மறுநாட்காலை கண்ட ஒரு கல்வெட்டு. மாளிகையின் மேல்விளிம்பில், 127ஆம் திருப்பாடலின் தொடக்கம் பெரிய எழுத்துகளில் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டவர் கட்டாத வீட்டைக் கட்டுகிறவர்களின் உழைப்பு வீண் என்பது அதன் பொருள். மற்றொரு கல்வெட்டோ, கடன் வாங்காமலும், சொத்தை விற்காமலும், பின்வருவோர் தலையில் கடனைச் சுமத்தாமலும் இந்த வீடு எழுப்பப்பட்டது என்று பெருமிதத்தோடு அறிவிக்கிறது. கடனில்லாத வீடு! கேட்க இனிமைதான். ஆயினும், அது எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தைச் சூறையாடியது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறிச் சென்றனர். வங்கிக்குக் கடனில்லை என்று கல்லில் எழுதலாம். நிலவாடகை செலுத்திச் செலுத்தி மெலிந்த மக்களுக்குக் கடனில்லை என்று எந்தக் கல்லில் எழுதுவது?

ஒருதலைப்பட்சமாகப் பேசுவது நீதியன்று. பஞ்ச காலத்தில் அந்தக் கட்டுமானம் ஊராருக்குக் கூலி கொடுத்தது. மூன்றாம் பிரபு 1855இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். நான்காம் பிரபு, நிலவுடைமையாளரும் குத்தகைதாரரும் ஒரே மேசையில் அமர்ந்த 1902ஆம் ஆண்டு நில மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்; அதன் பயனாய் 1903இல் பிறந்த சட்டத்தால் உழுதவர்கள் நிலத்தை விலைக்கு வாங்க வழி பிறந்தது. இன்றைய உரிமையாளரும் கொடையாளரே. அயர்லாந்தின் 32 மாவட்டங்களின் விளையாட்டு அமைப்புகளுக்கும் தலா பத்து இலட்சம் யூரோ வழங்குவதாக 2023இல் அறிவித்தவர் அவர். நாம் தனிமனிதர் எவர்மீதும் கல்லெறிய வரவில்லை. நல்லவர்களும் கொடையாளர்களும் நிறைந்த ஊரிலும் விருந்தோம்பல் எப்படிக் காணாமற்போகிறது என்பதே நம் கவலை.

ஏனெனில் அடேர் ஒரு காலத்தில் விருந்தோம்பலின் ஊர். அந்தச் சிற்றூரில் மூன்று துறவு மடங்கள் இருந்தன. முதலாவது, திரித்துவ சபையினரின் மடம். அச்சபை 1198இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஒப்புதல் அளித்த ஒழுங்கின்படி வாழ்ந்தது. அந்த ஒழுங்கு என்ன சொன்னது தெரியுமா? மடத்துக்கு வரும் வருமானம் முழுவதையும் மூன்றாகப் பங்கிட வேண்டும். ஒரு பங்கு, அந்நியர் கையில் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்பதற்கு. ஒரு பங்கு, ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் இரக்கச் செயல்கள் புரிவதற்கு. எஞ்சிய ஒரு பங்கே தங்கள் பிழைப்புக்கு. இரண்டாவது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அகுஸ்தினார் மடம். மூன்றாவது, 1464இல் கில்டேர் பிரபு நிறுவிய பிரான்சிஸ்கன் மடம். எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைக்கத் தொடங்கிய 16ஆம் நூற்றாண்டில் இவற்றின் வாழ்வும் முறிந்தது. திரித்துவ சபையினரின் கோவில் 19ஆம் நூற்றாண்டில் டன்ரேவன் பிரபுக்களால் புதுப்பிக்கப்பட்டு இன்று கத்தோலிக்கப் பங்குக் கோவிலாகத் திகழ்கிறது. அகுஸ்தினார் கோவில் ஆங்கிலிக்கன் சபையாரிடம் உள்ளது. பிரான்சிஸ்கன் மடம் மட்டும் கூரையிழந்து, கோபுரமும் சுவர்களுமாக நிற்கிறது. எங்கே நிற்கிறது? ஒரு கோல்ஃப் மைதானத்தின் நடுவில்!

ஊரின் பழைய கற்பாலத்தில் நின்று அதைப் பார்த்தோம். ஒன்றும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத அசிசியாரின் பிள்ளைகள் செபித்த சுவர்களைச் சுற்றி, சீராக வெட்டப்பட்ட புல். மாளிகைக்குள்ளேயோ 132 அடி நீளமுள்ள பெருங்கூடத்தின் இருமருங்கிலும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிளெமிய நாட்டுப் பாடற்குழு இருக்கைகள். திருப்பாடல்களை மாறி மாறி இசைப்பதற்கென்று ஏதோவொரு தச்சர் பக்தியோடு செதுக்கியவை அவை. அந்தக் கூடத்தில் இன்று விருந்தினர் தேநீர் அருந்துகின்றனர். நாமும் அருந்தினோம். நன்றாகவே இருந்தது.

சொற்களுக்கும் வரலாறு உண்டு, அன்பர்களே. ஆங்கிலத்தில் விடுதியைக் குறிக்கும் 'ஹோட்டல்', மருத்துவமனையைக் குறிக்கும் 'ஹாஸ்பிடல்', மாணவர் தங்குமிடமான 'ஹாஸ்டல்' ஆகிய மூன்றும் 'ஓஸ்பெஸ்' என்னும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை. விருந்தளிப்பவருக்கும் விருந்தினருக்கும் அம்மொழியில் அதே சொல்தான். பாரிஸ் நகரின் பழம்பெரும் மருத்துவமனைக்கு இன்றும் 'ஓத்தேல் தியே', அதாவது 'கடவுளின் விடுதி' என்றே பெயர். ஏழை நோயாளிகளைத் தாங்குவதற்கென்று எழுந்தது அது. புனித பேசில் 4ஆம் நூற்றாண்டில் செசாரியா நகருக்கு வெளியே வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்குமாக ஒரு குடியிருப்பையே அமைத்தார். வரும் விருந்தினர் யாவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 53ஆம் இயலில் வகுத்தார். அங்கே அவர் சேர்க்கும் ஒரு குறிப்பு நம் கவனத்துக்குரியது. ஏழைகளையும் திருப்பயணிகளையும் ஏற்பதில்தான் தனிக் கரிசனை வேண்டும் என்கிறார். பணக்காரரிடம் மக்களுக்குள்ள அச்சமே அவர்களுக்கு வேண்டிய மதிப்பைப் பெற்றுத் தந்துவிடுமாம். மனித இயல்பை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார் அந்தத் துறவி!

தமிழ்ச்சொல் இன்னும் ஆழமானது. 'விருந்து' என்பதற்குப் 'புதுமை' என்பதே முதற்பொருள். புதிதாய் வந்தவர் விருந்தினர். உறவினர் வேறு, விருந்தினர் வேறு. முன்பின் அறியாதவருக்குக் கதவைத் திறப்பதே விருந்தோம்பல். திருவள்ளுவர் இதற்கென்று வகுத்த ஒன்பதாம் அதிகாரத்தை எங்கே வைத்தார்? இல்லறவியலில் வைத்தார். அரசனுக்கும் வணிகனுக்கும் உரியதாக்காமல், வீட்டில் வாழ்கிறவர்களின் அறமாக்கினார். இந்த அளவுகோலால் அளந்தால், மாளிகையில் நாம் விருந்தினர் அல்லோம். நம் பெயர் முன்கூட்டியே பதிவாகியிருந்தது; கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட்டிருந்தது. புதியவராய், பெயரற்றவராய், கையில் காசில்லாமல் அந்த வாயிலில் நாம் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். அதற்காக அவர்களைக் குறைகூற இயலாது. அவர்கள் விற்பது வேறு பொருள்.

மெய்யான விருந்தோம்பலை நாம் கண்டது மறுநாள் மாலையில், லிமெரிக்கில், அந்தச் செவிலியின் வாடகை வீட்டில். இரண்டு படுக்கையறை, பின்புறம் ஒரு சிற்றறை. நமக்கென்று ஒழித்துவைத்திருந்ததாகக் கடிதத்தில் எழுதியிருந்த சிற்றறை அதுவே. கதவைத் திறந்ததும் கட்டிலிலிருந்து ஓர் இளம்பெண் திடுக்கிட்டு எழுந்தார். மடியில் இரண்டு வயதுக் குழந்தை. கொடியில் குழந்தைத் துணிகள். "மன்னிச்சிருங்க ஃபாதர். இது உங்க ரூம்..." என்று தடுமாறினார்.

செய்தி மெல்ல வெளிவந்தது. வேறு மாநிலத்தவர் அவர். நம் மொழி அவருக்கு அரைகுறையாகவே வரும். நம் திருச்சபையைச் சேர்ந்தவரும் அல்லர். அதே மருத்துவமனையில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவர். வாடகைக்குப் பேசிவைத்திருந்த அறை கடைசி நேரத்தில் கைநழுவிப்போனது. அந்நகரில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. மருத்துவமனையின் உணவுக்கூடத்தில் குழந்தையோடு அழுதுகொண்டிருந்தவரை நம் பங்கின் மகள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். இரண்டு நாளைக்கென்று வந்தவர், நாம் போனபோது ஏழாம் வாரத்தில் இருந்தார். சாமியார் வருகிறார் என்பதற்காக அவரை வெளியே அனுப்ப மனம் வரவில்லை. சாமியாருக்கு இடமில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதற்காகவே எட்டுக் குடும்பங்களும் கூடிப் பேசி, முதல் இரவுக்கு மாளிகையையும், அடுத்த இரவுகளுக்கு உள்ளூர்ப் பங்கு இல்லத்தையும் ஏற்பாடு செய்திருந்தனர்!

"ஏனம்மா இதை முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான், ஃபாதர்" என்றார் அவர். அன்றிரவு அவருக்கு இரவுப் பணி. சோறும் மீன்குழம்பும் பரிமாறிவிட்டு, சீருடையோடு பேருந்துக்கு ஓடினார்.

வாசகரே, நம் நிலையை எண்ணிப் பாருங்கள். முந்திய இரவு நாம் உறங்கிய மெத்தைக்கு விலை கொடுத்தவர்கள், இரவு முழுதும் விழித்து நோயாளிகளைப் பேணும் பெண்கள். நல்ல சமாரியர் விடுதிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தது, வழியில் குற்றுயிராய்க் கிடந்தவருக்காக. இங்கேயோ சமாரியர்கள் பணம் கட்டியது, காயம் ஏதுமின்றி வானூர்தியில் வந்திறங்கிய ஒரு குருவுக்காக! அன்னியருக்குக் கொடுத்த சிற்றறையே கிறிஸ்துவுக்குக் கொடுத்த அறை. நமக்குக் கொடுத்த மாளிகையோ, மரியாதைக்காகக் கட்டிய தண்டம். அம்மரியாதையை எதிர்பார்க்கும்படி மக்களைப் பழக்கியவர்கள் யார்? குருக்களாகிய நாம்தாமே?

அயர்லாந்தில் 2025ஆம் ஆண்டில், அரசின் அவசரத் தங்குமிடங்களில் இருந்தவர்களின் எண்ணிக்கை 16,000ஐத் தாண்டியது. அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் குழந்தைகள். இவர்களில் பல குடும்பங்களை அரசு எங்கே தங்கவைக்கிறது தெரியுமா? விடுதி அறைகளில்! ஓர் அறைக்குள் பெற்றோரும் பிள்ளைகளும், சமைக்க அடுப்பில்லை, பிள்ளைகள் படிக்க மேசையில்லை, தோழரை அழைத்து வரவும் இயலாது. 'ஹோட்டல்' என்ற அதே சொல் ஒரே நாட்டில் ஒருவருக்கு உச்சக்கட்ட இன்பத்தையும், மற்றொருவருக்கு வீடற்ற நிலையையும் குறிக்கிறது. புல்லின் வேர் மூச்சுத் திணறக் கூடாது என்று மண்ணுக்கடியில் குழாய் பதிக்கத் தெரிந்த அறிவு, ஒரு குடும்பத்துக்கு அடுப்படியோடு கூடிய வீடு தர இயலாமல் நிற்பது அறிவின் குறைபாடு ஆகாது. விருப்பத்தின் குறைபாடு அது.

இங்கே சிலர் குறுக்கிடக்கூடும். "இத்தகைய விடுதிகள் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை தருகின்றனவே?" தருகின்றன, மறுக்கவில்லை. வேலை தருவதை வேலை தருவது என்றே சொல்லுங்கள், பாராட்டுகிறோம். அதை விருந்தோம்பல் என்று சொல்லாதீர்கள். "உழைத்துக் களைத்தவருக்கு ஓய்வு வேண்டாமா? அழகை அனுபவிப்பது பாவமா?" ஓய்வு ஆண்டவரின் கட்டளை. அழகும் அவர் படைப்பே. ஆனால் ஓய்வுநாள் கட்டளையை முழுதாய் வாசியுங்கள். வீட்டுத் தலைவர் மட்டும் ஓய்ந்திருக்கச் சொல்லவில்லை அது. பணியாளும், அன்னியரும், மாடும் கழுதையும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. பிறர் ஓயாமல் உழைப்பதனால் மட்டுமே கிடைக்கும் ஓய்வைக் கட்டளையின் நிறைவேற்றம் என்று சொல்ல முடியுமா? "நாங்கள் ஏழைகளுக்குத் தருமம் கொடுக்கிறோமே, திருச்சபைதான் அநாதை இல்லங்களும் முதியோர் இல்லங்களும் நடத்துகிறதே" என்பவர் உண்டு. இவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டது.

கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் புனித யோவான் கிறிசோஸ்தோம் திருத்தூதர் பணிகள் நூலை விளக்கி மறையுரை ஆற்றினார். 45ஆம் மறையுரையில் இதே சாக்கை அவர் எடுத்துக்கொள்கிறார். திருச்சபைக்கு விருந்தினர் இல்லம் இருப்பது அவருக்குத் தெரியும். திருச்சபை செய்வதால் உங்களுக்கு என்ன பயன் என்று மக்களைக் கேட்கிறார். குரு செபிக்கிறார் என்பதற்காக நீங்கள் செபிக்காமல் இருப்பீர்களா என்கிறார். ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஓர் அறையைக் கிறிஸ்துவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அது எளிய அறையாயினும் அவர் வெறுக்க மாட்டார் என்று கெஞ்சுகிறார். நிறுவனங்களின் மேல் சுமையை இறக்கிவிட்டுக் கைகழுவும் நோய் நம் காலத்தில் பிறந்ததன்று என்பதை அறிகையில் சிறிது ஆறுதல் பிறக்கிறது. ஆயினும் மருந்தை நாம் இன்னும் உட்கொள்ளவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் முன்னோர் வீட்டு வாசலில் திண்ணை கட்டினர். யார் என்று கேட்காமலே வழிப்போக்கர் அதில் தலைசாய்த்தனர். நெடுஞ்சாலைகளில் சத்திரங்கள் இருந்தன. இன்று திண்ணையை இடித்து மதில் எழுப்பினோம். மதிலில் நாயின் படத்தோடு எச்சரிக்கைப் பலகை மாட்டினோம். மதிலுக்குள்ளே 'கெஸ்ட் ரூம்' என்று ஓர் அறை. ஆண்டில் பத்து நாள் வெளிநாட்டு மருமகனுக்காகத் திறக்கப்படுகிறது. திருமணமா, புதுநன்மையா, உடனே கடற்கரைச் சாலை ரிசார்ட்டைத் தேடுகிறோம். பங்குப் பேரவையினரின் தியானத்தையே மலைமேல் விடுதியில் வைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. விருந்து அளிக்கையில் நண்பரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் அழைக்க வேண்டாம், ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழையுங்கள் என்ற ஆண்டவரின் சொல்லை (லூக்கா 14:12-14) நற்செய்தி வாசகமாகக் கேட்டுவிட்டு, அதே வாரம் அழைப்பிதழ்ப் பட்டியல் எழுதுகிறோம். அப்பட்டியலில் முதற்பெயர் பெரும்பாலும் பங்குத்தந்தையுடையதாகவே இருக்கிறது.

புதியவர்கள் நம்மிடம் வரவில்லையா? ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த இளைஞர்கள் அங்கே நிற்கின்றனர். அவர்களுள் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளும் பழங்குடி மக்கள் பலர். திருப்பலியில் அமைதியாய் நிற்கின்றனர். வெளியே வந்ததும் ஒருவரோடும் பேசாமல் நடந்துவிடுகின்றனர். எத்தனை ஆண்டுகளாய் நிற்கின்றனர்? அவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? விருந்து என்றால் புதியவர் என்று மேலே சொன்னோம். இவர்களே நம் விருந்தினர்.

இதைப் பிறருக்குப் போதிக்கும் உரிமை நமக்கு எவ்வாறு வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லைதான். நம் பங்கு இல்லத்தில் விருந்தினர் அறைகள் இரண்டு. அவற்றில் நல்ல அறை ஆயர் வருகைக்கென்று பூட்டிக் கிடந்தது. ஆண்டில் நான்கு நாள் திறந்திருந்தால் அதிகம். அயர்லாந்திலிருந்து திரும்பிய மாதமே அதன் சாவியைக் கோவில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டோம். அரசு மருத்துவமனைக்கு வந்து, இரவு தங்க இடமில்லாமல் நிற்கும் எவருக்கும், எந்த மதத்தாருக்கும், எந்த மொழியாருக்கும் அதைத் திறந்துவிடச் சொன்னோம். முதலில் வந்தவர் காலொடிந்த ஒரு வடநாட்டுத் தொழிலாளியின் மனைவியும் இரு பிள்ளைகளும். பதினொரு நாள் இருந்தனர். சுவரில் கரிக்கோடு போட்டனர். குழாயைத் திறந்தே விட்டனர். இரவில் பிள்ளை அழுதது. விருந்தோம்பலுக்கு இதுதான் விலை. மாளிகையின் அமைதி அதில் கிடைக்காது.

பேரவைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "சாமி, திடீர்னு ஆண்டவர் வந்துட்டா எங்கே தங்க வைக்கிறது?" என்று கவலையோடு கேட்டார். ஆயரைத்தான் அவர் 'ஆண்டவர்' என்றார். நம் மக்களின் பழைய வழக்கம் அது.

"ஆண்டவர் வந்து பதினொரு நாள் ஆகிறது, ஐயா. மேல்மாடியில்தான் இருக்கிறார்" என்றோம். "நம் ஆயர் வந்தால் நம் அறையைக் கொடுப்போம். நாம் கூடத்தில் பாய் விரித்துக்கொள்வோம். பழகிய பாய்தானே?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெரியவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தம் வீட்டு மாடியறையின் சாவியைக் கொண்டுவந்து கோவில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் பூட்டிய அறை ஒன்று இருக்கக்கூடும். அதன் சாவி எங்கே இருக்கிறது?